திருமண இணையதளத்துக்கான போட்டோ கொலாஜ்: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது முதல் தளத்தில் ஏற்றுவது வரை

திருமண இணையதளம் அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்தில் கணினி தெரிந்த ஒருவரிடம் வந்து சேர்கிறது. அவர் உடனே பிளே ஸ்டோரில் "போட்டோ கொலாஜ்" என்று தேடி, பட்டியலில் முதலாவதாக வரும் செயலியை நிறுவிக்கொள்கிறார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. செயலி தரும் டெம்ப்ளேட்டுக்கு ஏற்பப் படங்களை வெட்டி, வெட்டிய படத்துக்கு ஏற்பத் தளத்தின் அமைப்பை மாற்றி, எல்லாம் முடிந்தபின் கைபேசியில் திறந்து பார்த்தால் மணமக்களின் முகமே அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறுத்திருக்கும்.

ஆகவே இங்கே வரிசை வேறு: முதலில் இடம், அடுத்து அளவு, பிறகு படங்கள், பிறகு நிபந்தனைகள், இவையெல்லாம் முடிவான பின்னரே மென்பொருள். முதல் நான்கு படிகளில் எந்த மென்பொருளையும் திறக்க வேண்டியதில்லை. அவற்றைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிற்பாடு ஒரே கொலாஜைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

தொடங்கும் முன் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல், மூலப் படங்களைச் சேர்த்துவைக்க ஒரு கோப்புறை, சோதித்துப் பார்க்க ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசி ஆகியவை கையில் இருக்கட்டும். விருந்தினரில் பெரும்பாலோர் அழைப்பைத் திறப்பது அத்தகைய கைபேசியில்தான் என்பதால், மூன்றாவது பொருளை விட்டுவிடாதீர்கள்.

## 1. கொலாஜ் எந்த இடத்தில் வரப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

திருமணத் தளத்தில் கொலாஜ் வரக்கூடிய இடங்கள் பொதுவாக மூன்று: முகப்பின் உச்சியில் திரை முழுவதும் விரியும் படம், நிச்சயதார்த்தம், நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என ஒவ்வொரு நிகழ்ச்சியின் பகுதியிலும் வரும் படம், தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது செய்தியோடு தோன்றும் முன்னோட்டப் படம்.

முகப்பு உச்சியில் கொலாஜை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான தள அமைப்புக் கருவிகள் அந்த இடத்துப் படத்தைத் திரையின் வடிவத்துக்கு ஏற்பத் தாமாகவே வெட்டிக்கொள்கின்றன. கணினியில் அகலமாகத் தெரியும் படம், கைபேசியில் இருபுறமும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் எஞ்சும். தனிப்படமாக இருந்தால் மணமக்கள் நடுவில் நின்று தப்பிவிடுவார்கள். கொலாஜாக இருந்தால் ஓரக் கட்டங்களில் இருப்பவர்கள் பாதி முகத்தோடு நிற்பார்கள். உச்சிக்கு ஒரே ஒரு நல்ல படத்தையும், கீழே உள்ள நிகழ்ச்சிப் பகுதிகளுக்குக் கொலாஜையும் ஒதுக்குங்கள்.

இதே கட்டத்தில் தீர்க்க வேண்டிய இன்னொரு கேள்வி, உங்களுக்கு வேண்டியது கொலாஜா கேலரியா என்பது. கொலாஜ் என்பது பல படங்கள் ஒட்டிய ஒரே கோப்பு; பார்ப்பவர் அதற்குள் உள்ள ஒரு படத்தை மட்டும் தொட்டுப் பெரிதாக்க முடியாது. கேலரியில் ஒவ்வொரு படமும் தனித்தனியாக இருந்து, கைபேசியில் தானாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படும். சொல்ல நினைப்பது ஒரு நிகழ்ச்சியின் மனநிலை என்றால் கொலாஜ் போதும். வந்தவர் ஒவ்வொருவரும் தம் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றால் கேலரிதான் பொருத்தம். அதற்குத் தனி மென்பொருளே தேவையில்லை, வேர்ட்பிரஸ் போன்ற தள அமைப்புக் கருவிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு பகுதிக்கு ஒன்பது, பத்துப் படங்களுக்கு மேல் வைக்க நினைத்தால் இத்துடன் நிறுத்தி, கேலரியின் பக்கம் போய்விடுவது நல்லது.

## 2. கைபேசித் திரையை அடிப்படையாக வைத்து அளவைக் கணக்கிடுங்கள்

இது சிறிய கணக்கு, ஆனால் மற்ற எல்லா முடிவுகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இணையப் பக்கத்தின் அகலம் 360 முதல் 412 அலகுகள் வரை எனக் கொள்ளப்படுகிறது (அலகு என்பது உலாவி பக்கத்தை அளக்கும் அளவு). 360 என்றே வைத்துக்கொள்வோம். கொலாஜில் பக்கவாட்டில் மூன்று கட்டங்கள் இருந்தால் ஒரு கட்டத்துக்கு 120 அலகு கிடைக்கும். அந்தக் கட்டத்தில் முழு உருவமாக நிற்கும் மணமகளின் முகம் ஒரு சிறு பொட்டு அளவுக்குத்தான் தெரியும். பக்கவாட்டில் இரண்டு கட்டங்கள் என்றால் 180 அலகு. மார்பளவுப் படங்கள் தெளிவாகத் தெரியும்.

ஆகவே கைபேசிக்கான கொலாஜில் பக்கவாட்டில் இரண்டு கட்டங்களுக்கு மேல் வேண்டாம். மூன்று வரிசை வைத்தால் ஆறு படங்கள். ஒரு படத்தைப் பெரிதாக்கி முழு அகலத்துக்கும் விரித்து, அதன்கீழ் நான்கு படங்களை வைத்தால் மொத்தம் ஐந்து. பார்வைக்கும் இதுவே மேலானது, ஏனென்றால் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

அலகு வேறு, பிக்சல் வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இன்றைய கைபேசித் திரைகள் ஒரு அலகுக்கு இரண்டு அல்லது மூன்று பிக்சல்களைக் காட்டுவதால், 360 பிக்சல் அகலத்தில் படத்தைச் சேமித்தால் மங்கலாகத் தெரியும். நிகழ்ச்சிப் பகுதிக்கான கொலாஜுக்கு 1200 பிக்சல் அகலமும் 1500 பிக்சல் உயரமும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் முன்னோட்டத்துக்கான படம் தனி. அதற்கு 1200க்கு 630 பிக்சல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

புதியவர்கள் பலர் "300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) வைக்க வேண்டுமா, 72 போதுமா" என்று குழம்புகிறார்கள். அச்சிடும்போதும் ஸ்கேன் செய்யும்போதும் மட்டுமே அந்த எண் பொருள்படும். இணையத்தில் 1200 பிக்சல் அகலப் படம், டிபிஐ எவ்வளவு என்று எழுதியிருந்தாலும் 1200 பிக்சல்தான்.

## 3. மூலப் படங்களைத் திரட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவற்றை நம்பாதீர்கள்

குடும்பக் குழுவில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான படங்கள் கிடக்கின்றனவே என்று அவற்றையே பயன்படுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடுகிறது. சிறு கட்டத்துக்கு அது போதலாம். ஆனால் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போது படம் உடைந்துவிடும். 2023-இல் வந்த எச்டி வசதியும் ஓரளவுக்கே உதவும். படத்தை "டாக்குமென்ட்" ஆக இணைத்து அனுப்பச் சொன்னால் மூலக்கோப்பு அப்படியே வரும். நிறையப் படங்கள் என்றால் கூகுள் டிரைவ் கோப்புறை ஒன்றைத் திறந்து இரு வீட்டாருக்கும் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

புகைப்படக்காரரிடம் கேட்கும்போது "போட்டோ அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால், கரிஸ்மா எனப்படும் அச்சு ஆல்பத்துக்காக, எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து வடிவமைத்த விரிப்புகளையே அனுப்பிவிடுவார். அவை பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம், அதாவது உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம். 360 அலகு அகலமுள்ள கைபேசியில் அத்தகைய விரிப்பின் உயரம் வெறும் 120 அலகு. அதற்குள் ஏழெட்டுப் படங்கள், பூ வேலைப்பாடு, எழுத்து எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றுமே தெரியாது. "ஆல்பம் பக்கம் வேண்டாம், எடிட் செய்த தனித்தனி ஜேபெக் படங்கள் வேண்டும், முழு அளவில்" என்று தெளிவாகக் கேளுங்கள்.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியாவில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனாலும் முன்பணம் கொடுத்தபோது கையெழுத்திட்ட தாளில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

மறைந்த தாத்தா பாட்டியின் படத்தைத் தளத்தில் வைக்க விரும்பும் குடும்பங்கள் நிறைய உண்டு. சுவரில் மாட்டிய படத்தைக் கைபேசியில் எடுத்தால் கண்ணாடியில் குழல்விளக்கு பிரதிபலிக்கும்; சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு அது தாராளம். அந்தப் படத்தைக் கொண்டாட்டப் படங்களுக்கு நடுவே ஒரு கட்டமாகத் திணிக்காமல், பெரியோர் ஆசியுடன் என்ற பகுதியில் தனியாக வைப்பதே மரியாதை.

## 4. படங்களைச் சலித்தெடுங்கள்

நிகழ்ச்சிவாரியாகக் கோப்புறைகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொலாஜுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டங்களுக்குப் பத்துப் படங்கள். நூறு படங்களை மென்பொருளுக்குள் கொண்டுபோய் அங்கே தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தால், தேர்வும் முடியாது, மென்பொருளும் திணறும்.

இருபது பேர் வரிசையாக நிற்கும் மேடைப் படத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கொலாஜ் கட்டத்தில் அது வெறும் பட்டுப்புடவை நிறங்களின் வரிசையாகத்தான் தெரியும். தம் முகத்தைத் தேடிப் பார்ப்பவருக்கு மனக்குறைதான் மிஞ்சும். அது கேலரிக்கு உரியது. கொலாஜுக்கு ஏற்றவை ஒன்று முதல் மூன்று பேர் உள்ள படங்களும், மாலை மாற்றும் கைகள், மெட்டி அணிவிக்கும் தருணம், மருதாணி, மணவறையின் குத்துவிளக்கு போன்றவற்றை நெருக்கமாக எடுத்த படங்களும்.

நிறத்தையும் பாருங்கள். நலங்கில் எல்லாம் மஞ்சள். வரவேற்பு மேடையில் எல்இடி விளக்கால் தோல்கூட ஊதாவாக மாறியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் இரண்டும் கெடும். ஒரு கொலாஜ், ஒரு நிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தேர்ந்தெடுத்தவை இரு வீட்டாருக்கும் நியாயமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கொலாஜ் முடிந்தபின் "எங்கள் பக்கத்தில் ஒரு படம்கூட இல்லையே" என்ற குரல் எழுந்தால் முழு அமைப்பையும் கலைக்க வேண்டியிருக்கும். படங்களின் பட்டியல் நிலையிலேயே இரு வீட்டிலும் காட்டி ஒப்புதல் வாங்குவது எளிது. பிறர் வீட்டுக் குழந்தைகளின் படங்களுக்கு அவர்களுடைய பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணையதளத்தை யாரும் திறக்கலாம்.

## 5. மென்பொருளுக்கான நிபந்தனைகளை எழுதிக்கொள்ளுங்கள்

இப்போது உங்களுக்கு அளவும் எண்ணிக்கையும் படங்களும் தெரியும். ஒரு தாளில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்: வேலை செய்யப்போவது கணினியிலா கைபேசியிலா? ஒருவர் மட்டுமா, சென்னையில் ஒருவரும் கோவையில் ஒருவருமாக இரண்டு பேரா? 1200க்கு 1500 என்ற நம் அளவை அப்படியே எண்ணாகக் கொடுக்க முடிகிறதா? படத்தின்மேல் தமிழில் எழுத வேண்டுமா? சேமிக்கும்போது மென்பொருளின் முத்திரை படத்தில் விழுமா? படங்கள் அந்நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றனவா, நம் கணினியிலேயே தங்குகின்றனவா?

இவற்றில் அளவு பற்றிய கேள்விதான் கைபேசிச் செயலிகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிடும். சதுரம், நெடுக்கு, அகலம் என்று மூன்று நான்கு வடிவங்களைத் தருபவை நிறைய; பிக்சல் அளவை எண்ணாகக் கேட்பவை குறைவு. முத்திரை பற்றிய கேள்வி மேலும் சிலவற்றை நீக்கும்.

கட்டணம் பற்றித் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். "இலவசச் சோதனை" என்று கார்டையோ யுபிஐ ஆட்டோபேயையோ கேட்கும் செயலிகளில், சோதனைக் காலம் முடிந்ததும் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். கல்யாண வேலை நெருக்கடியில் இதை நினைவில் வைத்திருக்க மாட்டீர்கள் என்பதால், ஒரே ஒரு கொலாஜுக்காகச் சந்தா எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

## 6. எந்த வகை யாருக்குப் பொருந்தும்

உலாவியில் இயங்கும் வடிவமைப்புக் கருவிகளில் கேன்வா பலருக்கும் தெரிந்தது. புதியவருக்கு முதலில் அதையே சொல்வேன். அளவை எண்ணாகக் கொடுத்துப் புதிய வடிவமைப்பைத் தொடங்கலாம். "கிரிட்" பகுதியில் உள்ள கட்ட அமைப்பை இழுத்து வைத்து, படத்தை அதன்மேல் விட்டால் தானாகப் பொருந்திக்கொள்ளும். இரட்டைச் சொடுக்கில் படத்தைக் கட்டத்துக்குள் நகர்த்தி, முகம் வெட்டுப்படாமல் சரிசெய்யலாம். இணைப்பைப் பகிர்ந்தால் மற்றொரு வீட்டில் இருப்பவரும் திருத்தலாம். வரம்புகளும் உண்டு. செய்து முடித்த வடிவமைப்பின் அளவை மாற்றுவது, பின்னணியை நீக்குவது, சொந்த எழுத்துருவை ஏற்றுவது ஆகியவை கட்டணத் திட்டத்தில்தான். நாம் அளவை இரண்டாம் படியிலேயே முடிவு செய்துவிட்டதால் முதல் வரம்பு நம்மைப் பாதிக்காது. கட்டண அலங்காரங்களை வைத்துவிட்டு இலவசமாக இறக்க முயன்றால் முத்திரை விழும் என்பதால், பூ, தோரணம் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கும்போதே கட்டணக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்கள் வெளியே போக வேண்டாம், இணைய வேகமும் குறைவு என்றால், கணினியில் நிறுவிக்கொள்ளும் போட்டோஸ்கேப் எக்ஸ் பொருத்தமானது; கொலாஜுக்கென்றே அதில் தனிப்பகுதி உண்டு.

புகைப்படக்காரர் பிஎஸ்டி (போட்டோஷாப் கோப்பு வடிவ) டெம்ப்ளேட் கொடுத்திருந்தால் போட்டோபியாவைப் பாருங்கள். அது உலாவியில் இயங்கினாலும் நீங்கள் திறக்கும் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். போட்டோஷாப் ஏற்கெனவே தெரிந்தவருக்கு அதுவே போதும். ஜிம்ப் முழுக்க இலவசம், ஆற்றல் மிக்கது, ஆனால் கட்டங்களை நீங்களே வழிகாட்டிக் கோடுகள் போட்டு அமைக்க வேண்டும். லேயர் என்றால் என்னவென்று இதுவரை அறியாதவர், திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இவற்றைக் கற்கத் தொடங்குவது விவேகமன்று.

அலுவலகக் கணினியில் பவர்பாயின்ட் மட்டுமே இருக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. விண்டோஸில் அது ஸ்லைடைப் படமாகச் சேமிக்கும்போது இயல்பாக அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் சேமிக்கிறது. வழக்கமான அகல ஸ்லைடு 1280க்கு 720 ஆகத்தான் வெளிவரும். ஸ்லைடின் அகலத்தை 12.5 அங்குலமாகவும் உயரத்தை 15.625 அங்குலமாகவும் மாற்றினால் நம் 1200க்கு 1500 கிடைத்துவிடும்.

கைபேசியில் கூகுள் போட்டோஸ் செய்யும் கொலாஜ் குடும்பக் குழுவில் பகிர நல்லது. அளவை எண்ணாகக் கொடுக்க முடியாததால் இந்த வேலைக்கு வேண்டாம். பிக்காசாவைப் பழகியவர்கள் இன்னும் அதைத் தேடுகிறார்கள். கூகுள் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. எங்கோ கிடைக்கும் நிறுவல் கோப்பை இறக்குவதால் வைரஸ் வரும் அபாயம்தான் மிச்சம்.

## 7. ஐந்து படங்களை வைத்துச் சோதியுங்கள்

தேர்ந்தெடுத்த மென்பொருளில் எல்லாப் படங்களையும் கொட்டுவதற்கு முன், தொல்லை தரக்கூடிய ஐந்து படங்களை மட்டும் வைத்து ஒரு சோதனைக் கொலாஜ் செய்யுங்கள். கேமராவில் எடுத்த முழு அளவுப் படம் ஒன்று. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது ஒன்று. ஐபோனில் எடுத்தது ஒன்று. வாட்ஸ்அப்பில் வந்த பழைய படம் ஒன்று. தலைக்குமேல் இடமே இல்லாமல் எடுக்கப்பட்டது ஒன்று.

ஒவ்வொன்றும் ஒரு பழுதைக் காட்டிக்கொடுக்கும். 24 மெகாபிக்சல் கேமராப் படம் 6000க்கு 4000 பிக்சல் இருக்கும். உலாவிக் கருவிகள் இதில் மெதுவாகும். அப்படியானால் எல்லாப் படங்களின் பிரதிகளையும் நீளப் பக்கம் 2000 பிக்சலாகக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். நிமிர்த்தி எடுத்த படம் சில மென்பொருட்களில் பக்கவாட்டில் சாய்ந்து வரும். ஐபோன் இயல்பாகச் சேமிக்கும் ஹெச்இஐசி வடிவத்தைச் சில மென்பொருட்கள் திறக்கவே மறுக்கும். முன்கூட்டியே ஜேபெக்காக மாற்ற வேண்டுமா என்பது இப்போதே தெரிந்துவிடும். தலைக்குமேல் இடமில்லாத படம், மென்பொருள் தானாக வெட்டும் இடத்தை நம்மால் மாற்ற முடிகிறதா என்பதைச் சொல்லும். நெற்றிச்சுட்டியோடு தலை போய்விட்டால், அதைச் சரிசெய்ய முடியாத மென்பொருளைக் கைவிடுங்கள்.

சோதனைக் கொலாஜைச் சேமித்து, அதன் பிக்சல் அளவை கோப்பின் விவரத்தில் பாருங்கள். 1200க்கு 1500 கேட்டதற்கு 800க்கு 1000 வந்திருந்தால், இலவசப் பதிப்பு முழு அளவைத் தருவதில்லை என்று பொருள்.

## 8. தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று பாருங்கள்

மணமக்கள் பெயர், நாள், மண்டபம் ஆகியவற்றைப் படத்தின்மேல் எழுதாமல், தளத்தின் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்வதுதான் நல்லது. படத்துக்குள் இருக்கும் முகவரியை யாரும் நகலெடுத்து வரைபடத்தில் தேட முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. நேரம் மாறினால் கொலாஜையே மறுபடி செய்ய வேண்டும். பெயர் மட்டும் அலங்காரமாகப் படத்தில் வேண்டும் என்றால் இந்தச் சோதனை தேவை.

"திருநிறைச்செல்வி", "கௌரி", "ஸ்ரீ", "பொன்னுலகம்" என்று நான்கு சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் "செ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "பொ" பிரிந்துவிடும், "ஸ்ரீ" துண்டு துண்டாக விழும். போட்டோஷாப்பில் இப்படி நேர்ந்தால், விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளை ஆதரிக்கும் எழுத்தமைப்பு முறையை இயக்கிவிட்டு, புதிய கோப்பில் மீண்டும் எழுதிப் பாருங்கள்.

எழுத்துக்குப் பதிலாகப் பெட்டிகள் தெரிந்தாலோ, எந்த எழுத்துருவை மாற்றினாலும் ஒரே தோற்றம் வந்தாலோ, அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று அறியலாம். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும் சாய்வெழுத்து எழுத்துருக்கள் பெரும்பாலும் இப்படித்தான். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கும் அரிமா, கவிவாணர், மீரா இனிமை, பவனம், பாலு தம்பி ஆகியவை யூனிகோடு தமிழைக் காட்டும். பெயருக்கு அரிமாவும், சிறு வரிகளுக்கு மீரா இனிமையும் நன்றாக இருக்கும்.

பத்திரிகை அச்சடித்த அச்சகத்திலிருந்து வாசகங்களை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பல அச்சகங்கள் இன்னும் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் வேலை செய்கின்றன. அந்த வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும். யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றி, மாற்றியபின் பெயர்களையும் இனிஷியல்களையும் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

## 9. கொலாஜை அமையுங்கள்

முதலில் பெரிய கட்டத்துக்கான படத்தை வையுங்கள்; மற்றவை அதற்குத் துணை. முகங்கள் கொலாஜின் உட்புறம் நோக்கித் திரும்பியிருக்கட்டும். வலது ஓரக் கட்டத்தில் வலப்புறம் பார்க்கும் முகம், பார்ப்பவரின் கண்ணையும் வெளியே இழுத்துச் சென்றுவிடும். முகத்தைச் சரியான பக்கம் திருப்புவதற்காகப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிவிடாதீர்கள். புடவைத் தலைப்பு வலத் தோளுக்குப் போய்விடும், மணவறைப் பலகையின் எழுத்து இடவலம் மாறிவிடும், வீட்டுப் பெண்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தைத் திருப்பாமல் கட்டத்தை மாற்றி வையுங்கள்.

கட்டங்களுக்கு இடையே 12 முதல் 16 பிக்சல் இடைவெளி விடுங்கள். 1200 பிக்சல் படம் கைபேசியில் 360 அலகாகச் சுருங்கும்போது 12 பிக்சல் என்பது நான்கு அலகுக்கும் குறைவாகும். அதற்குக் கீழே போனால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் தெரியும். இடைவெளியின் நிறம் தளத்தின் பின்னணி நிறமாகவே இருக்கட்டும். பூச்சட்டம், மினுமினுப்பு, நிழல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கப் படத்துக்கான இடம்தான் குறைகிறது. பட்டும் பூவும் நகையும் ஏற்கெனவே படத்துக்குள் இருக்கின்றன.

முன்னோட்டப் படத்துக்கு ஒரு தனி விதி உண்டு. வாட்ஸ்அப் சில வேளைகளில் அதன் நடுப்பகுதியை மட்டும் சிறு சதுரமாகக் காட்டும். எனவே மூன்று கட்டங்கள் வைத்து, மணமக்கள் இருவரும் சேர்ந்த படத்தை நடுக்கட்டத்தில் வையுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டாலும் அவர்கள் இருப்பார்கள்.

## 10. சேமியுங்கள்

இரண்டு கோப்புகள் வேண்டும்: பிற்பாடு திருத்துவதற்கு மென்பொருளின் சொந்தக் கோப்பு, தளத்துக்கு ஜேபெக். புகைப்படங்களைப் பிஎன்ஜியாகச் சேமித்தால் கோப்பு பல மடங்கு பெருக்கும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஜேபெக் தரத்தை 80 அளவில் வைத்துப் பாருங்கள். 1200க்கு 1500 கொலாஜ் 400 கிலோபைட்டுக்குள் வருவது இலக்கு. முன்னோட்டப் படம் 300 கிலோபைட்டைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால், அது தோன்றாமல் போகும் தொல்லை குறையும். கோப்பு பெரிதாகவே இருந்தால் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் திறந்து, வெப்பி வடிவத்தில் சேமிக்கலாம். தற்போதைய உலாவிகள் எல்லாம் அதைக் காட்டுகின்றன, படமும் உங்கள் கணினியிலேயே சுருக்கப்படுகிறது.

நிற அமைப்பு, திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி ஆக இருக்க வேண்டும். அச்சுக்கான சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே ஏற்றினால் குங்குமச் சிவப்பு மங்கியோ, வேறு நிறமாகவோ தெரியலாம்.

கொலாஜாகச் சேமித்த புதிய கோப்பில் மூலப் படங்களின் இடக்குறிப்பு பெரும்பாலும் தங்காது. ஆனால் கைபேசியில் எடுத்த தனிப்படங்களைக் கேலரியில் அப்படியே ஏற்றினால், வீட்டின் இருப்பிடம் கோப்புக்குள் பதிந்திருக்கக்கூடும். ஏற்றுமுன் கோப்பின் விவரத்தில் அதை நீக்கிவிடுங்கள்.

## 11. ஏற்றி, கைபேசியில் பாருங்கள்

கோப்புப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும், இடைவெளி இல்லாமல், நிகழ்ச்சியின் பெயரோடு வையுங்கள். கேமரா கொடுத்த எண்ணோடு ஏற்றினால் அடுத்த மாதம் எது எது என்று உங்களுக்கே தெரியாது. மாற்று உரைக்கான பெட்டியில் (திரைவாசிப்பான் படத்துக்குப் பதிலாகப் படித்துக்காட்டும் வரி) "நலங்கில் மணமகளுக்கு அத்தைகள் மஞ்சள் பூசும் படங்கள்" என்பதுபோல ஒரு வரி எழுதுங்கள்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்தச் சாதாரணக் கைபேசியில் தளத்தைத் திறங்கள். படம் வர நேரமானால் பத்தாம் படிக்குத் திரும்புங்கள். முகம் தெரியவில்லை என்றால் இரண்டாம் படிக்கு. வீட்டில் மூக்குக்கண்ணாடி அணியும் பெரியவர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டால், அளவு சரிதானா என்பது உடனே தெரிந்துவிடும்.

திருமணத்துக்குப் பின் நிச்சயதார்த்தக் கொலாஜை எடுத்துவிட்டு முகூர்த்தக் கொலாஜை வைக்கும்போது, பழைய கோப்பின் பெயரையே புதியதற்கும் கொடுக்காதீர்கள். விருந்தினரின் உலாவி பழைய படத்தைச் சேமித்து வைத்திருக்கும். பெயர் மாறாவிட்டால் அதையே தொடர்ந்து காட்டலாம். வாட்ஸ்அப் முன்னோட்டத்துக்கும் இதே நிலைதான். புதிய படத்துக்குப் புதிய பெயர் கொடுத்து, தளத்தின் அமைப்பில் முன்னோட்டப் படத்தையும் மாற்றி, முதலில் உங்களுக்கு நீங்களே முகவரியை அனுப்பிப் புதிய படம் வருகிறதா என்று பார்த்த பிறகு குடும்பக் குழுக்களில் பகிருங்கள்.